கலிமா சொல்லாத சாட்சி

"உங்கட போன் கலிமா சொல்லிட்டா, மருமகன்?" என்று உசனார் கேட்டார்.

தில்லையடிக் களப்புக் கரையில் நின்ற ஊர் சிரித்தது. நோன்பு திறந்த கஞ்சியின் ஈரம் இன்னும் மீசைகளில் காயவில்லை.

"ஏன் மாமா?"

"பிறைக்குச் சாட்சி சொல்றவன் முஸ்லிமா இருக்கணும். கலிமா சொல்லாத சாமானுக்கு என்ன சாட்சி?"

"அது கலிமா சொல்லல்லதான். ஆனா அதுக்குக் கண்ணில புரையும் இல்ல," என்றான் நஜாத்.

இந்த முறை சனம் இன்னும் பலமாகச் சிரித்தது. சிரித்தவர்களின் முகங்களை உசனார் ஒவ்வொன்றாக மனத்தில் குறித்துக்கொண்டார்.

நஜாத் அவருடைய மூத்த மகளைக் கட்டியவன். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். இரண்டும் அவனுக்குக் கிடைத்திருக்கக் கூடாதவை என்பது உசனாரின் அபிப்பிராயம்.

உசனார் பிறை பார்க்கிறவர். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியவர்கள் வழியில் மணிக்கூட்டைக் கழற்றினார்கள், பெண்களின் தோட்டைக் கழற்றினார்கள். உசனாரின் கண்களைக் கழற்ற மறந்துபோனார்கள். ஒரு வருடம் பிறை மேகத்துக்குள் ஒளிந்துகொண்டு வர மாட்டேன் என்று நின்றது. உசனார் ஒருதரம் செருமினார். வந்துவிட்டது. அதைப் பார்த்தவர்கள் ஐந்து பேர். நால்வர் மௌத்தாகிவிட்டார்கள். மீதி ஆள் உசனார்தான்.

ஆகையால் பிறை பார்க்கும் மாலையில் இந்த ஊர் வானத்தைப் பார்ப்பதில்லை. உசனாரின் முகத்தைப் பார்க்கும். அவர் "அந்தா!" என்று விரலை நீட்டினால் இன்னும் பத்துப் பேர் உடனே கண்டுவிடுவார்கள். பள்ளிவாசல் தலைவர் றஸீன் ஹாஜியார் கொழும்புப் பிறைக் குழுவுக்குச் செய்தி சொல்வார். மறுநாள் பெருநாள்.

அன்று நோன்பு இருபத்தொன்பது. கொழும்பில் மழை. கிழக்கில் மழை. தெற்கில் மழை. நாட்டின் வானம் முழுக்க மூடிக் கிடக்க, புத்தளத்துக்கு மேற்கே மட்டும் மேகத்தில் ஒரு கிழிசல் இருந்தது.

நஜாத் போனை உயர்த்திப் பிடித்தான். திரையில் ஒரு வானம். அதில் ஒரு வளைந்த கோடு. கோட்டின் நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு.

"நுரைச்சோலைப் புகைபோக்கிக்கு நாலு விரல் மேல, கொஞ்சம் இடப்பக்கம். இப்ப அங்க நிக்கிது. மாமா, நீங்க மினக்கெட்டுத் தேடத் தேவல்ல. கணக்கு முடிஞ்சிட்டு. நீங்க ஓம் என்டு மட்டும் சொல்லுங்க, சட்டத்துக்கு."

சட்டத்துக்கு.

அந்த ஒரு சொல் உசனாரின் காதுக்குள் போய்க் குந்திக்கொண்டது. ஓம் என்றால், கண்டது போன். உசனார் அதற்கு முத்திரை குத்துகிற பியோன். அடுத்த வருடம் கரைக்கு வாருங்கள் என்று யாரும் அவரைக் கூப்பிடப் போவதில்லை.

சனம் போனைச் சுற்றி மொய்த்தது. எட்டிப் பார்த்தது. "அல்லாஹ்வே, கொம்பு கூடத் தெரியிது!" என்று ஒருவன் வியந்தான். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக, உசனாரின் முகத்தைப் பார்க்க ஆளில்லை. நஜாத்தும் போனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

உசனார் ஒருவர்தான் மேற்கே பார்த்தார். கண் இமைக்காமல் பார்த்தார்.

பிறகு கிழிசல் மூடிக்கொண்டது.

"என்ன சொல்றீங்க, காக்கா?" என்றார் றஸீன் ஹாஜியார்.

"காணல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"காணல்ல என்டா காணல்ல."

"அது அங்க இருக்கு மாமா!" நஜாத் கத்தியே விட்டான். "இல்லாம இருக்க ஏலாது!"

"இருந்தாக் காட்டுங்க, பாப்பம்."

நஜாத் தலையை நிமிர்த்தினான். மேற்கு முழுக்கச் சாம்பல் நிற மேகம்.

"போன் பெட்டிக்குப் பெருநாள் வந்திட்டு போல," என்றார் உசனார், சனத்தைப் பார்த்து. "மருமகன், அதுக்கு ஒரு வட்டிலப்பம் ஊட்டி விடுங்க."

கரை குலுங்கிச் சிரித்தது. நஜாத் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, யாருக்கும் ஸலாம் சொல்லாமல் போனான்.

கொழும்புக்குச் செய்தி போயிற்று: புத்தளத்திலும் பிறை தென்படவில்லை. ஊர் முப்பதாவது நோன்புக்கு நிய்யத்து வைத்தது.

மறுநாள் முற்பகல், வெயில் களப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்த நேரம், உசனார் வளவின் மூலையிலிருந்த கக்கூசுக்குள் போய்க் கதவைக் கொண்டி போட்டார்.

சாரன் மடியிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தார். பிஸ்மில்லாஹ் சொல்லக் கூடாத இடம். சொல்லாமலே வாயில் போட்டுக்கொண்டார்.

வேறு வழியில்லை. பிறையைத் தன் கண்ணால் கண்டவனுக்கு, ஊரே நோன்பு நோற்றாலும், அன்று பெருநாள். பெருநாளில் நோன்பு ஹராம். ஒருவருக்கும் தெரியாமல் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். மார்க்க விஷயத்தில் உசனார் மயிரளவும் பிசகாதவர்.

வெளியே செருப்புச் சத்தம் வந்து கதவருகே நின்றது.

"உள்ளுக்கா மாமா இருக்கீங்க?" நஜாத்தின் குரல். தண்ணீர் படாமல் காய்ந்த குரல். "நல்லாக் கேட்டுக்கொள்ளுங்க. என்ட கணக்குப் பிழைக்கல்ல. அத நான் மௌத்தாகும் வரைக்கும் சொல்லுவன். ஆனா நீங்க என்னோட எவ்வளவு கோவமெண்டாலும் பிறைச் சாட்சியில பொய் சொல்ற ஆள் இல்ல. அதாலதான் நானும் இண்டைக்கு நோன்பு."

உசனார் பழத்தை மெல்லாமல், கொட்டையோடு விழுங்கினார்.