ஒட்டுத் தெரியாமல்

"கண்ணை மூடிட்டுக் கேளுங்கக்கா. எந்த இடத்துல ஒட்டியிருக்கேன்னு சொல்லிட்டீங்கன்னா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்" என்றார் ஒலிப்பதிவுக் கூடத்து எடிட்டர்.

வெண்கலம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். வெண்கலக் குரல் என்று ஊரார் மெச்சி மெச்சி, பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே மறந்துபோயிருந்தது. அவள் வாசித்தால்தான் ஒலிப்புத்தகம் விலை போகும் என்று ஒரு காலம் இருந்தது.

அந்தக் குரல்தான் போன மாதம் அவளுடைய காலை வாரிவிட்டது. புது நாவலின் கடைசி அத்தியாயத்தில் ஒரு வரி வாசிப்பதற்குள் நாலு இருமல். "இதுவும் சரியா வரலன்னா அடுத்த புத்தகத்துக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேம்மா, தப்பா நினைக்காதீங்க" என்று முதலாளி நாசூக்காகச் சொல்லிவிட்டார். குரலும் போய்விட்டால் தன்னிடம் வேறென்ன இருக்கிறது என்று அன்று இரவு முழுக்க அழுதாள்.

எடிட்டர்தான் கைகொடுத்தார். "துண்டு துண்டா வாசிச்சு வச்சுட்டுப் போங்கக்கா. ஒட்ட வைக்கிறது என் பாடு."

இப்போது கம்ப்யூட்டர் திரையைத் தொட்டுக் காட்டினார். "இந்தத் துண்டு முடியற இடத்துல சத்தத்தை மெல்ல இறக்குறேன். அடுத்த துண்டை அதே இடத்துல மெல்ல ஏத்துறேன். இதுதான் ஃபேட். இதைப் போடாம வெட்டி ஒட்டினா 'டிக்'னு ஒரு சத்தம் வந்து காட்டிக்கொடுத்துடும்."

"நடுவுல நான் மூச்சு வாங்கறதெல்லாம்?"

"அதை அப்படியே வச்சிருக்கேன். மூச்சை எடுத்துட்டா பொணம் பேசற மாதிரி இருக்கும்க்கா."

பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து வெண்கலத்தின் மகள் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். நாலு நாளாக அவளுக்கும் தொண்டை கட்டியிருந்தது. "எனக்குக் கட்டினா அதுல ஒரு நியாயம் இருக்கு. உனக்கு என்ன கேடு? என்கிட்ட இருக்கற நல்லது ஒண்ணும் ஒட்டல, இது மட்டும் ஒட்டிக்கிச்சு" என்று வரும் வழியெல்லாம் வெண்கலம் திட்டித் தீர்த்திருந்தாள். மகளை அவள் தகரம் என்றுதான் கூப்பிடுவாள். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தவளை, 'என் மானத்தை வாங்காதே' என்று தடுத்தவளும் அவள்தான்.

எடிட்டர் பொத்தானை அழுத்தினார்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பேசும் இடம். குரல் கணீரென்று எழுந்து, உடைய வேண்டிய சொல்லில் உடைந்து, மறுபடி எழுந்தது. எங்கேயும் ஒட்டுத் தெரியவில்லை. இப்படி வாசித்து எத்தனை காலமாகிவிட்டது என்று வெண்கலம் நினைத்துக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முதலாளி கேட்டாரா?"

"நேத்தே கேட்டுட்டாரு. அடுத்த புத்தகத்துக்கும் இதே குரல்தான்னு சொல்லிட்டாரு" என்ற எடிட்டர் ஏனோ அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வெண்கலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியோடு மகள் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியாடி தகரம்? இதுக்குப் பேருதான் குரல். நீ ஏழு ஜென்மம் எடுத்தாலும் உனக்கு வராது."

எடிட்டர் எதையோ சொல்ல வாயெடுத்தார். மகள் வேண்டாம் என்று கையமர்த்தினாள். டம்ளரைக் கீழே வைத்தாள். கரகரத்த தொண்டையை ஒருமுறை செருமிக்கொண்டாள்.

"அதுல மூச்சு மட்டும்தாம்மா உன்னோடது."