பகல் தண்ணீர்

சுவிட்சைப் போட்டதும் முதலில் காற்றுதான் வந்தது.

குழாய் இருமியது. செம்மண் கலங்கலாகக் கொஞ்சம் துப்பியது. பிறகு தண்ணீர் தெளிந்து, கனமாக, தொட்டியில் விழுந்தது. வரப்பில் நின்றிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

வராமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தவள் கன்னியம்மாள் ஒருத்திதான்.

அரசு மானியத்தில் வந்த சூரிய மோட்டார். சொந்தமாய் ஒரு போர்வெல், பக்கத்தில் தெற்கே பார்த்துச் சாய்ந்து நிற்கும் கறுப்புப் பலகைகள். வெயில் இருக்கிறவரை தண்ணீர், கரண்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்றார் வந்திருந்த அதிகாரி. புருஷனும் பெண்டாட்டியும் மோட்டார் பக்கத்தில் நிற்க வேண்டும், போட்டோ எடுத்து அனுப்பினால்தான் வேலை முடிந்த கணக்கு என்றும் சொன்னார்.

குணசேகரன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். அவள் பக்கத்தில் நின்றாள்.

"இன்னாடி, மூஞ்ச இப்படி வச்சினு கீற? இனிமேட்டு உன் ஊட்டுக்காரரு ராத்திரியெல்லாம் ஊட்லதான். சிரியேன்!" என்றாள் ஓரகத்தி கோவிந்தம்மாள். எல்லாரும் சிரித்தார்கள்.

கன்னியம்மாளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேமரா எடுத்துக்கொண்டது.

இதுவரை அண்ணன் சுப்பிரமணியோடு பங்குக் கிணறு. பாகம் பிரித்த நாளிலிருந்து பகல் முறை அண்ணனுக்கு, ராத்திரி முறை தம்பிக்கு. பொழுது சாய்ந்ததும் சாப்பிட்டுவிட்டு, டார்ச்சும் மண்வெட்டியுமாகக் கிளம்பினால் குணசேகரன் விடிந்துதான் திரும்புவான். பனி, பாம்பு, போய்ப் போய் வருகிற கரண்டு. கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். ஊரே அவனுக்காகப் பரிதாபப்பட்டது.

அவளும் பட்டாள். மஞ்சளைக் குழைத்து அந்தப் புண்ணில் தடவியது அவள் கைதான். அது பொய்யில்லை.

அவன் போகிற நேரத்துக்காகப் பகல் முழுக்க அவள் காத்துக் கிடந்ததும் பொய்யில்லை.

கோவிந்தம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு பலகைகளிடம் போனாள். ஆயுத பூஜைக்கு டிராக்டருக்கு வைப்பதுபோல ஒவ்வொன்றின் நெற்றியிலும் மூன்று விரல் அகலத்துக்குச் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தாள்.

மாட்ட வந்திருந்த கம்பெனிக்காரர் பதறி ஓடி வந்தார். "கண்ணாடி மேல வைக்காதீங்கம்மா! வெயில மறைச்சா கரண்டு வராது."

அவர் ஈரத் துணியால் துடைக்கத் துடைக்க, கன்னியம்மாள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு சந்தனம் அரைத்தால் அத்தனை பலகையும் மூடும் என்று ஒரு நினைப்பு ஓடியது. தன் நினைப்பைக் கண்டு தானே பயந்துபோய், திருத்தணி மலை இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

மகள் துர்கா, அரக்கோணத்தில் மெக்கானிக் வேலை பார்க்கும் அமானைக் கட்டிக்கொண்டு போன மறுநாள், குணசேகரன் அந்தப் பங்குக் கிணற்றில் இறங்கித் தலை முழுகிவிட்டு வந்தான். ஈரத் துண்டோடு வாசலில் நின்று, இந்த வீட்டில் இனி அந்தப் பெயர் கேட்கக் கூடாது என்றான். அதன் பிறகு கேட்கவில்லை. பகலில்.

அவன் வயலில் இருக்கும் இரவுகளில் துர்கா வந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து சுடுசோறு சாப்பிட்டாள். "நைனா சாப்ட்டுச்சா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள். இப்போது ஏழாம் மாதம். வளையல் போட ஆளில்லாத கையைத் தாயின் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தூங்குவாள். பிறகு போய்விடுவாள்.

யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு ஓரகத்திக்குக்கூட.

தண்ணீர் வாய்க்காலில் திரும்பி, வெயிலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. நல்ல தண்ணீர். அதைச் சபிக்க அவளுக்கு வாய் வரவில்லை. இனி அவன் பொழுதோடு வந்து கூடத்தில் பாய் விரிப்பான். அவனுக்குத் தூக்கம் மெல்லியது, பூனை தாண்டினால் விழிப்பான். வராதே என்று துர்காவிடம் எந்த வாயால் சொல்வது?

கம்பெனிக்காரர் வண்டியிலிருந்து ஒரு சின்ன சோலார் விளக்கை எடுத்து வந்தார். பகலில் தானாகச் சார்ஜ் ஏறும், இருட்டினால் தானாக எரியும். கம்பெனி கொடுக்கிற அன்பளிப்பு. எங்கே மாட்டட்டும் என்று கேட்டார்.

"மோட்டார் கொட்டாயிலதான். ஒயரு திருடறவன் சுத்தினு கீறான்" என்றார் சுப்பிரமணி.

"கொட்டாய்க்கு நான் கீறேன். ராத்திரி இங்கதான் படுக்கப் போறேன்" என்றான் குணசேகரன். "லைட்ட ஊட்டுக்குப் பின்னால, குளத்தங்கரை பக்கமா மாட்டிடுங்க."

கன்னியம்மாள் குளத்தங்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ரோட்டில் அமான் பைக்கோடு காத்திருக்க, குளத்தங்கரை மேல் நடந்து அந்த வீட்டுக்கு வருகிறவள் ஒருத்திதான்.

சுப்பிரமணி சிரித்தார். "அந்தப் பக்கம் எவன்டா வரப் போறான்? தவளைக்கா லைட்டு?"

குணசேகரன் யாரையும் பார்க்கவில்லை. குழாயடியில் குனிந்து, புதுத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"அங்க மண்ணு வழுக்குதுண்ணே. போன மழைக்கு யாரோ உழுந்த தடம் கீது. முழுசா, கை ஊனின தடம்."

துர்கா அதைக் கன்னியம்மாளிடம் சொல்லவே இல்லை.