சாவியோடு வந்தவர்

கோழியின் கழுத்துக்குள் காவல் வேலை பார்க்கும் உயிரணு ஒன்று, ஒரு செல், இருந்தது. இரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளைத் தெளித்து மூளையை உசுப்புவது அதன் வேலை.

ஒருநாள் கோழிக்காரர் விட்ட பீடிப் புகையோடு உள்ளே வந்த நிகோடின், செல்லின் கதவைத் திறந்தது. செல் உடனே வாரித் தெளித்தது. கோழிக்கு மேல்மூச்சு வாங்கியது.

"என்கிட்ட காற்று நிறைய இருக்கே. எதுக்கு இந்தக் களேபரம்?" என்றது நுரையீரல்.

"வந்தவர் கையில சரியான சாவி இருந்தது. ஆளைப் பார்க்கிறது என் வேலையில்ல" என்றது செல்.

மறுநாள் கோழிக்காரர் கோழியின் மேல் கூடையைக் கவிழ்த்து, ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டுப் போனார். உள்ளே காற்று குறைந்துகொண்டே வந்தது.

"மூச்சு முட்டுதே, இப்பவாவது தெளியேன்!" என்று கெஞ்சியது நுரையீரல்.

"எனக்கும்தான் முட்டுது" என்றது செல், நிதானமாக. "ஆனா சாவியோட இன்னும் யாரும் வரலையே."