ஏழாம் நம்பர் கப்பல்

ஆகிலாவின் பையை மூன்றாவது தடவையாகக் கட்டிலில் கொட்டினாள் இன்ஷிரா. ஈர உடுப்பு, சீப்பு, பாதி தின்ற பிஸ்கட் பக்கெட். பூட்டிக் கிடந்த அறைக் கதவின் திறப்பை மட்டும் காணவில்லை.

"உண்மையச் செல்லு மகள். திறப்ப எங்க ஒளிச்ச?"

"அல்லாஹ்வுக்காக நான் எடுக்கல்ல உம்மா!" ஏழு வயது ஆகிலாவுக்கு உதடு துடித்தது.

இன்ஷிராவால் நம்ப முடியவில்லை. போன லீவு முடிந்து வாப்பா கட்டாருக்குப் புறப்பட்ட அன்று, அவருடைய பாஸ்போர்ட்டை அரிசி வாளிக்குள் புதைத்தவள் இவள்தான். இன்றும் அதே மாதிரி ஒரு நாள். பன்னிரண்டு மணிக்கு வேன் வரும். கணவன் பர்ஸான் கட்டுநாயக்க போய் இரவு விமானத்தைப் பிடிக்க வேண்டும்.

மருதமுனையிலிருந்து அவர்கள் வந்ததே மகளுக்காகத்தான். வாட்டர் பார்க்குக்குக் கூட்டிப்போவதாக நாற்பது நாள் லீவிலும் சொல்லிச் சொல்லி, கடைசியில் நேற்றுத்தான் அது சரிவந்தது. பார்க்குக்கு எதிரேயிருந்த மலிவான ஹோட்டலில் ஓர் இரவு. ஒவ்வோர் அறையும் கப்பலுக்குள் இருப்பதுபோல் செய்திருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஏழாம் நம்பர். அடுக்குக் கட்டில், சுவரில் சுக்கான் சக்கரம், ஜன்னலுக்குப் பதிலாகத் திறக்க முடியாத வட்டக் கண்ணாடி.

நேற்று அதைப் பார்த்து மூவரும் சிரித்தார்கள். இப்போது கரண்டும் போய், ஃபேனும் நின்றுவிட்டது. சுவரெல்லாம் நெருங்கி வருவதுபோல் இருந்தது இன்ஷிராவுக்கு.

பர்ஸான் கதவை உள்ளங்கையால் தட்டினான். வெளியே மனேஜர் றிபாஸ் தன்னிடமிருந்த மற்றத் திறப்பைப் போட்டுப் பார்த்தான்.

"காக்கா, ஓட்டைக்குள்ள என்னமோ இறுகிக் கிடக்கு. திறப்பு இறங்குதில்ல. உதைச்சி உடைக்கட்டா?"

"வேணாம் தம்பி, புதுக் கதவு! ஒங்கட மொதலாளி ஒங்களத்தான் ஏசுவாரு. ஓடாவியக் கூப்பிடுங்க."

"இண்டைக்கு வெள்ளிக்கிழம காக்கா. முனாப் காக்கா தச்சு வேலைய விட்டுட்டு ஜும்ஆக்குப் போயிருப்பாரு. முடியத்தான் வருவாரு."

"வரட்டும்."

இந்த நேரத்திலும் அடுத்தவன் வேலைக்காகக் கவலைப்படுகிற மனுசனைப் பார்க்க இன்ஷிராவுக்குப் பாவமாக இருந்தது.

பன்னிரண்டுக்கு வேன் ஹோர்ன் கேட்டது. காரைதீவுச் சாரதி சுலக்சன் வட்டக் கண்ணாடியில் முகத்தை வைத்துச் சத்தமாகச் சொன்னான். "அண்ணன், பயப்பிடாதீங்க. ரெண்டு மணிக்குள்ள வெளிக்கிட்டாலும் நான் கொண்டுபோய்ச் சேர்ப்பன்."

அவன் போனதும், பார்க்கிலிருந்து நனைந்து வந்த பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி உள்ளே பார்த்தார்கள். மீன் தொட்டியைப் பார்ப்பதுபோல. ஆகிலா தலையணைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

பர்ஸானின் போன் அடித்தது. ஊரிலிருந்து அவன் உம்மா.

"வெளிக்கிட்டாச்சா மகன்? தங்கச்சிட ஊட்டுக்குக் கூர போடுறதுக்கு நாள் பாத்தாச்சி. நீங்க போய்ச் சேந்தாத்தான் எங்களுக்கு நிம்மதி."

"ஓம் உம்மா. இந்தா வெளிக்கிடுறன்."

போனை வைத்துவிட்டு அவன் சுவரைப் பார்த்தபடி இருந்தான். இன்ஷிரா கொடுத்த தண்ணீரையும் குடிக்கவில்லை.

அவளுக்கோ வேறு ஒரு பயம். கதவு திறக்கக் கூடாது என்று தான் மனதுக்குள் துஆக் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. யா அல்லாஹ், மனுசன்ட விசா போயிருமே! அவசரமாக அந்தத் துஆவை மாற்றிக் கேட்டாள். ஆனால் மனம் அதில் நிற்கவில்லை.

ஒன்றரை மணிக்கு முனாப் வந்து சேர்ந்தார். பூட்டைச் சுற்றி உளியால் கொத்திக் கழற்றக் கால் மணி நேரம் போயிற்று. கதவு திறந்ததும் கடற்காற்று ஒரே வீச்சில் உள்ளே வந்தது.

கழற்றிய பூட்டை முனாப் தட்டினார். உள்ளேயிருந்து பாதித் திறப்பு ஒன்று தரையில் விழுந்தது.

"இது தானா முறிஞ்சதில்ல," என்றார் அவர். "உள்ளுக்கு நிண்டு ஆரோ வேணுமெண்டே முறிச்சிருக்காங்க."

றிபாஸ் ஆகிலாவைப் பார்த்தான். சுலக்சனும் பார்த்தான். பிள்ளை விக்கி விக்கி அழத் தொடங்கியது.

இன்ஷிரா மகளை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள். "புள்ளயப் பாக்காதீங்க. நான்தான் முறிச்ச. இவர் போறது எனக்கு விருப்பமில்ல. பூட்டுக்கு எவ்வளவெண்டாலும் நான் தாறன்."

வெட்கத்தில் அவள் முகம் எரிந்தது. சுலக்சன்தான் நிலைமையைச் சமாளித்தான். பெரிய சூட்கேஸைத் தூக்கித் தோளில் வைத்தான்.

"அதெல்லாம் போகட்டும் அக்கா. இன்னும் நேரம் கிடக்கு. வாங்க அண்ணன், போயிரலாம்."

பர்ஸான் வாசலுக்கு வரவில்லை. கீழ்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"மச்சான், என்ன செய்யுது?"

"பெட்டிய இறக்கி வைங்க தம்பி," என்றான் பர்ஸான். பிறகு மனைவியை நிமிர்ந்து பார்த்தான்.

"முறிச்சது நான் புள்ள... எனக்கு அங்க திரும்பிப் போக ஏலா."