பன்றி வேட்டைக் காட்சி

"பன்னியைக் காட்டும்யா" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் வேதமணி.

ராஜபாளையம் நாடகக் கொட்டகையின் பின்புறம், சாக்குப் போர்த்திய கூண்டை மறித்து நின்றார் கம்பெனி முதலாளி சின்னத்துரை.

"நாடகத்துக்கு லைசென்ஸ் இருக்கு. மேடையில என்ன காட்டணும்னு போலீஸ் சொல்லப்படாது."

"நீரு என்னத்தையும் பேசும், பாடும். யாரு தடுத்தா? ஆனா வேட்டைக் காட்சியில தினமும் நாயை ஏவி, நெசப் பன்னியைக் கடிக்க விடுதீராம். ரத்தம் ஒழுகுதாம். ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் வெள்ளைக்காரத் துரைசானி பார்த்துட்டு மனுக் கொடுத்திருக்காக. மிருகவதைச் சட்டம் சும்மா விடாது."

கூண்டுக்குள் ஏதோ முனகியது. வேதமணி சாக்கை இழுத்தார். கோரைப்பல், விறைத்த மயிர், தொடையில் ஆறாத கடிவாய்.

"இதுக்கு என்னய்யா சொல்லுதீரு?"

சின்னத்துரைக்கு வேறு வழியில்லை.

"ஏலே, தலையைக் கழத்து."

பன்றித் தலை பின்னால் சரிந்தது. உள்ளே வியர்வையில் நனைந்த ஒரு மனித முகம்.

"நம்ம நடிகன் ஆண்டிச்சாமிதான். தோலுக்குள்ள வச்சுத் தைச்சாத்தான் நாய் நம்பிக் கடிக்கும். கம்பெனி ஒப்பந்தத்துல கைநாட்டு வச்சுட்டு ஓடப் பார்த்தான். அதான் கூண்டு."

வேதமணிக்கு அப்பாடா என்றிருந்தது.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமுல்ல? மிருகம் எதுவும் வதைபடல. கைநாட்டு வச்சவன் பாடு, கம்பெனி பாடு. நாடகத்தை நடத்தும்."

தொப்பியை மாட்டிக்கொண்டு திரும்பினார். கம்பிக்குள்ளிருந்து, குளம்பு வைத்துத் தைத்த ஒரு கை அவர் காலை மறித்தது.

"ஐயா, என்னையப் பன்னின்னே எழுதிக்கிடுங்கய்யா."