யாரு வீட்டுப் பிள்ளை

கதவு திறந்த சத்தம் கேட்டும் அட்ராக்டா தலையைத் தூக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தாள். ஒன்று ஐந்து.

வந்துவிட்டான்.

ஐம்பது வருஷம் கழித்துத் தன் மகனைப் பார்க்கப் போகிறாள். அவனோடு அவள் இருந்தது ஆறே வாரம். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது, கல்யாணம் ஆகியிருக்கவில்லை. ஒருநாள் காலையில் கன்னியாஸ்திரீகள் குழந்தையைச் சால்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். யாருக்குத் தத்துக் கொடுக்கிறார்கள் என்று அவள் கேட்கவும் கூடாது.

போன மாதம் பாஸ்டனிலிருந்து கடிதம் வந்தது. எதுவும் வேண்டாம், ஒரு தடவை முகத்தைப் பார்த்தால் போதும் என்று எழுதியிருந்தான்.

அவள் நாலு வரியில் பதில் போட்டாள். வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு நானும் கணவரும் கியோகன் பப்பில் சாப்பிடுவோம். தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொள். அவருக்கு எதுவும் தெரியாது. பேசிவிடாதே.

கணவர் ஃபின்டன் எதிரே உட்கார்ந்து பேக்கன் பன்றிக்கறியை நறுக்கிக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு வருஷத் தாம்பத்தியம். பிள்ளைகள் இல்லை. இரண்டு தடவை கரு தங்கி, இரண்டு தடவையும் கலைந்துபோயிற்று. அப்போதெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நமக்கு நாம போதும்" என்றவர் அவர். அந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது?

"கதவுகிட்ட குளிரு ஆளைக் கொல்லும். இங்க வந்து உக்காருங்க!"

ஃபின்டன்தான். வாசல் பக்கம் பார்த்துக் கையை அசைத்துக்கொண்டிருந்தார்.

அட்ராக்டாவின் முள்கரண்டி பாதியில் நின்றது.

பூட்ஸ் சத்தம் தயங்கியது. பிறகு நெருங்கி வந்தது. பக்கத்து நாற்காலி இழுபட்டது. நனைந்த கம்பளிக் கோட்டின் வாசனை அவள் முகத்தில் மோதியது.

அவன் நன்றி சொன்னான். "பேச்சு அமெரிக்காவா? அதானே பார்த்தேன்," என்றார் ஃபின்டன். "அமெரிக்காக்காரங்க இந்த ஊருக்கு ரெண்டே விஷயத்துக்குத்தான் வருவாங்க. ஒண்ணு மீன் பிடிக்க. இல்லேன்னா தாத்தா கல்லறையைத் தேட."

"மீன் பிடிக்க," என்றான் அவன்.

"தூண்டில் எங்க?"

"இனிமேதான் வாங்கணும்."

கவுண்டருக்குப் பின்னாலிருந்து பப் முதலாளி கியோகன் சிரித்தார். "இவரைக் கூட்டிக்கிட்டு மட்டும் போயிடாதீங்க. இவரு பேச்சுக்கு மீனெல்லாம் அடுத்த ஜில்லாவுக்கு ஓடிடும்."

பப்பே சிரித்தது. அட்ராக்டாவும் சிரித்து வைத்தாள்.

அவனுக்கும் பேக்கனும் முட்டைக்கோஸும் வந்தன. ஃபின்டன் விடவில்லை. என்ன வேலை? பாலம் கட்டுகிற வேலை. பாஸ்டனில் பனி எப்படி? முழங்கால் வரைக்கும். வந்த வழியில் ரோடு நன்றாக இருந்ததா? ஒவ்வொரு கேள்விக்கும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு பதிலுக்கும் கொஞ்சம் விட்டாள்.

ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். காதோரம் நரைத்திருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. கடுகு சாஸ் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். கடல் தாண்டி முகம் பார்க்க வந்தவன், பக்கத்தில் உட்கார்ந்து குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழுதியதை மீறாமல் இருக்கிறான்.

ஃபின்டன் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் வைத்தார்.

"சரி, சொல்லுங்க. யாரு வீட்டுப் பிள்ளை நீங்க?"

அந்த ஊரில் எல்லோரையும் கேட்கிற கேள்விதான். எல்லோரிடமும் அதற்கு ஒரு பதில் இருக்கும்.

அவன் குப்பியை எடுத்து, திறக்காமல், திரும்ப வைத்தான். அது தட்டில் பட்டுக் கிணுகிணுத்தது. ஐம்பது வயது ஆள். அவளுக்காகப் பயந்துகொண்டிருந்தான்.

அதை அவளால் தாங்க முடியவில்லை.

"என் பிள்ளை," என்றாள் அட்ராக்டா.

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. கியோகன் துடைத்துக்கொண்டிருந்த கிளாஸோடு உள்ளே போய்விட்டார்.

அவள் ஃபின்டனை மட்டும் பார்த்தாள். இந்த நிமிஷத்தை அவள் ஆயிரம் தடவை கற்பனை செய்திருக்கிறாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போவார். அவள் பின்னாலேயே ஓடுவாள். ரோட்டில் என்ன சொல்ல வேண்டும் என்பதுகூட மனப்பாடம்.

ஃபின்டன் எழுந்திருக்கவில்லை. வாயைத் துடைத்தார். துடைத்த துணியை மெதுவாக நாலாக மடித்தார். பிறகு அவளிடம் பேசாமல், அவனிடம் பேசினார்.

"நீ கதவைத் திறந்துகிட்டு வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. என் மாமனார் நடை அப்படியே இருக்கு. கல்யாணத்துக்கு முந்தின நாள் இவளோட அம்மா என்னைக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொன்னாங்க. அவளா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. நானும் கேக்கல."

ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"பையன்னு மட்டும்தான் சொன்னாங்க, தம்பி. பேரு சொல்லல. பேரு என்ன?"

அம்மாவும் மகனும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.

வேறு வேறு பெயர்கள்.