யன்னல் கேட்ட ஆள்

"கொமூனுக்கு எழுதிப் போட்டது ஆர்?"

அருள்நாயகி நகரசபைக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள். கணவர் இன்னாசித்தம்பி சோறு பிசைவதை நிறுத்தவில்லை. எதிரே இருந்த குகநேசன்தான் நிமிர்ந்தான்.

"நான்தான் அக்கா."

கொஞ்சம் தயங்கியாவது சொன்னானா என்றால், அதுவும் இல்லை.

டென்மார்க்கின் புரொண்பியில் அவர்கள் வாங்கிய பழைய வீட்டின் நிலக்கீழ் அறையில் குகநேசன் மூன்று வருஷமாக இருக்கிறான். மட்டக்களப்பு ஆள். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட விண்ணப்பித்திருந்தான். கோப்பு அசையாமல் கிடந்தது. அவனுடையது மட்டுமல்ல, தமிழர் பலருடையதும்தான். இந்த 89இல் பத்திரிகைகள் அதைத் தோண்டத் தொடங்கிய பிறகு ஒருவழியாக அனுமதி வந்தது. அடுத்த மாதம் வருகிறார்கள். அவர்களைத் தங்கவைக்க அவனுக்கு வேறு இடமில்லை. எல்லாரும் கீழேயே இருக்கலாம் என்று சொன்னவள் அருள்நாயகிதான்.

அதற்குக் கைம்மாறு இந்தக் கடிதம்.

கீழே ஆட்கள் படுக்கிறார்கள். நெருப்புப் பிடித்தால் வெளியேற அங்கே யன்னல் இல்லை. ஒரு மாதத்துக்குள் வைக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே ஒருவரும் படுக்கக் கூடாது.

யன்னல் என்ற பேச்சே அருள்நாயகிக்கு ஆகாது. அத்திவாரத்தை வெட்டினால் மழைத் தண்ணீர் வரும், யன்னல் வைத்தால் கள்ளன் வருவான் என்பது அவள் கட்சி. இப்போது வெட்டாமல் முடியாது.

"பெண்சாதி பிள்ளையள் வந்து இறங்கினதும் வேற இடம் பாரும்," என்றாள்.

"ஓம் அக்கா."

ஞாயிறு பூசை முடிந்து, இடம் கொடுத்த வீட்டுக்கே வினை வைத்தவனைப் பற்றிக் கோவில் வாசலில் எல்லோருக்கும் சொன்னாள். பக்கத்தில் நின்ற இன்னாசித்தம்பி தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு சனிக்கிழமைகள் ஆண்கள் இருவரும் வேலை செய்தார்கள். வெளியே குழி தோண்டி, சுவரை வெட்டி, யன்னலைப் பொருத்தினார்கள். அருள்நாயகி தேத்தண்ணி கொண்டுவரும் போதெல்லாம் ஏச்சும் கூட வந்தது. எல்லாம் குகநேசனுக்கு.

கடைசியில், அவள் சொன்னபடி, யன்னலுக்கு இரும்புக் கம்பியும் வைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் கம்பியில்லாத யன்னலை அவள் கண்டதில்லை.

பார்வையிட வந்த அதிகாரி அந்தக் கம்பியைக் கனநேரம் பார்த்தார்.

"இது எதற்கு?"

"கள்ளனுக்கு."

"நெருப்புப் பிடித்தால் உள்ளே இருப்பவர் எப்படி வெளியே வருவார்?"

அருள்நாயகி யோசித்துச் சொன்னாள். "கதவால்."

"நெருப்பே கதவுப் பக்கம் என்றால்?"

கம்பியைக் கழற்றுங்கள், வியாழக்கிழமை வருகிறேன் என்று அவர் போய்விட்டார். அன்று இன்னாசித்தம்பி வேலைக்குப் போயிருந்தார். அந்த ஏச்சும் குகநேசனுக்கே விழுந்தது.

வியாழக்கிழமை எல்லோரும் வீட்டில் நின்றார்கள். அதிகாரி சொன்னபடி குகநேசன் யன்னலால் ஏறிக் குழிக்குள் வந்து, அங்கிருந்து புல்லில் ஏறி, முழங்காலைத் தட்டிக்கொண்டான். அதிகாரி கையெழுத்துப் போட்டார். போகும்போது இன்னாசித்தம்பியிடம் வந்து கை கொடுத்தார்.

"எங்களுக்கு எழுதின வீட்டுக்காரர் நீங்கள்தானே? என் வீட்டில் குறை இருக்கிறது, வந்து பாருங்கள் என்று தானே எழுதின ஆளை இத்தனை வருஷத்தில் இப்போதுதான் காண்கிறேன்."

முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அருள்நாயகிக்கு டேனிஷ் நன்றாகவே விளங்கும்.

இன்னாசித்தம்பி குழிக்குள் இறங்கி எதையோ தேடத் தொடங்கினார்.

அதிகாரியின் கார் போகும்வரை பொறுத்திருந்து, அவள் குகநேசனைக் கேட்டாள்.

"பிறகேன் நீர் எழுதினதெண்டு சொன்னனீர்?"

"அண்ணை நாலு தரம் கேட்டும் நீங்கள் யன்னல் வைக்க விடேல்லையாம். என்ரை பிள்ளையள் படுக்கப் போற இடத்துக்காகத்தானே அவர் களவா எழுதினவர்," என்றான் குகநேசன். "ஏச்சையாவது நான் வாங்க வேண்டாமோ, அக்கா?"

அருள்நாயகி குழியை எட்டிப் பார்த்தாள்.

"ஏறி வாங்கோ. அந்தப் பிள்ளையளுக்குக் கட்டில் ரெண்டு பார்க்கவேணும்."